விரல் பிடித்த கை: இரண்டு ஆனைக்கரைகளின் பள்ளி வரலாறு

கேரளத்தின் வரைபடத்தில் ஆனைக்கரை என்ற பெயர் இரண்டு இடங்களில் காணப்படுகிறது. மலையாளிகள் ஆனக்கர என்று சொல்லும் இவ்வூர்களுள் ஒன்று, பாலக்காடு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பாரதப்புழையை ஒட்டிய நெல்வயல்களுக்கு நடுவே உள்ளது. மற்றொன்று இடுக்கி மாவட்டத்து ஏலமலையில், குமுளியிலிருந்து வண்டன்மேட்டுக்குச் செல்லும் வழியில், தேனி மாவட்ட எல்லைக்கு அருகே இருக்கிறது. முன்னது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னது திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. இரண்டும் 1956 நவம்பர் 1 அன்று ஒரே மாநிலத்தின் பகுதிகளாயின. பள்ளியின் முதல் சில வகுப்புகளிலேயே எழுத்திலும் எண்ணிலும் பின்தங்கிவிடும் பிள்ளைக்குக் காலம் கடக்குமுன் தனியே செய்யப்படும் உதவியை, அதாவது தொடக்க நிலைத் துணைக்கல்வியை, ஆராய்வோர்க்கு இவ்விரண்டு ஊர்களும் ஒரே வரலாற்றின் இரு முனைகளாகின்றன. பாலக்காட்டு ஆனைக்கரையில்தான் அம்மாவட்டத்தின் ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம் அமைந்துள்ளது; அங்கே பயிற்சி பெறும் ஆசிரியர் எந்தப் பிள்ளையை மனத்தில் வைத்துப் பயில வேண்டுமோ, அந்தப் பிள்ளை ஏலமலையின் தொழிலாளர் குடியிருப்பிலும், பாலக்காட்டுச் சிற்றூர் வட்டத்துத் தமிழ்க் கிராமத்திலும், முதுவான் பழங்குடியினர் வாழும் குடியிலும் நெடுங்காலமாக இருந்து வருகிறது.

இந்த வரலாற்றைப் பலரும் 1990களின் அரசுத் திட்டங்களிலிருந்து தொடங்குகின்றனர். அது போதாது. பின்தங்கிய பிள்ளை என்னும் வகையே பள்ளி இப்போதைய வடிவை அடைந்த பின்னர்தான் தோன்றியது என்பதால், அதற்கு முந்தைய பள்ளியை முதலில் காண வேண்டும்.

தமிழகத்தில் திண்ணைப் பள்ளிக்கூடம் என்றும், மலையாள நாட்டில் எழுத்துப்பள்ளி, குடிப்பள்ளிக்கூடம், ஆசான் பள்ளிக்கூடம் என்றும் வழங்கப்பட்ட பழைய பள்ளிகள் பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் ஏறக்குறைய ஒரே முறையில் நடந்தன. ஆசிரியரை மலையாளத்தில் ஆசான் அல்லது எழுத்தச்சன் என்றனர். கற்றலின் முதற்படி நிலத்தெழுத்து. தரையில் மணல் பரப்பி, ஆசான் பிள்ளையின் சுட்டுவிரலைத் தம் கையால் பற்றி, எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே அதன் வடிவை மணலில் இழுப்பார். பிறகு கையை விட்டுவிடுவார். பிள்ளை அதே தடத்தின் மேல் தானே விரலை ஓட்டும். பின்னர் உள்ளங்கையால் மணலைச் சமன்செய்து, தடம் இல்லாத வெற்று மணலில் எழுதும். சுழி தவறினால் தவறு அந்த நொடியிலேயே கண்ணில் படும். கை மறுபடி வந்து விரலைப் பிடிக்கும். தாளில் எழுதிய பிழை சிவப்பு மையோடு நிலைத்துவிடுகிறது. மணலில் எழுதிய பிழை ஒரு தடவலில் மறைந்துவிடுகிறது. ஓர் எழுத்து வந்தாலொழிய அடுத்த எழுத்துக்குப் போவதில்லை என்பதே விதியாக இருந்ததால், மூன்று மாதத்தில் முடிக்கும் பிள்ளையும் ஓராண்டில் முடிக்கும் பிள்ளையும் அருகருகே அமர்ந்திருந்தனர். எல்லாரும் ஒரே நாளில் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணமே அப்பள்ளியில் இல்லாததால், யாரும் யாரைவிடவும் பின்தங்கியிருக்க வாய்ப்பில்லை.

இருபது முப்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆசான் விரல் பிடிப்பது எப்படி என்ற கேள்விக்கு அக்காலப் பள்ளி கண்ட விடைதான் சட்டாம்பிள்ளை. மூத்த மாணவருள் தேர்ந்த ஒருவர் ஆசானுக்கு மாற்றாக நின்று, இளையோருக்கு முறை சொல்லிக் கொடுப்பார். முறை சொல்லுதல் என்பது, ஒருவர் உரக்கச் சொல்ல மற்றவர் கூட்டாகத் திருப்பிச் சொல்லி மனத்தில் நிறுத்துவதாகும். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகிய கணக்கு வாய்பாடுகள் எல்லாம் இம்முறையில்தான் பதிந்தன. சட்டாம்பிள்ளை என்ற சொல்லின் மலையாள வடிவம் சட்டம்பி. கேரளச் சமூகச் சீர்திருத்தத்தின் முன்னோடிகளுள் ஒருவரான சட்டம்பி சுவாமிகள் (1853–1924) அப்பெயரைப் பெற்றது, திருவனந்தபுரத்தில் பேட்டையில் இராமன் பிள்ளை ஆசான் நடத்திய பள்ளியில் சட்டாம்பிள்ளையாக இருந்ததனால்தான். இன்றைய மலையாளப் பேச்சில் சட்டம்பி என்பது அடாவடிக்காரனைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. சொல் இப்படிச் சரிந்ததற்கு, பிரம்பைக் கையில் பெற்ற மூத்த பிள்ளைகள் இளையோரிடம் நடந்துகொண்ட விதமும் காரணமாக இருந்திருக்கக்கூடும்.

பிள்ளைக்குப் பிள்ளை துணையாகும் இந்த முறையை வெளிநாட்டார் வியந்து எழுதியுள்ளனர். 1623இல் மேற்குக் கரையோரக் கன்னட நாட்டில் பயணம் செய்த இத்தாலியரான பியட்ரோ தெல்லா வல்லே, ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் ஆசிரியர் இல்லாமலே மணலில் எண்களை எழுதி, பாடிப் பாடிக் கணக்குப் பயின்றதைக் கண்டார். மறந்துவிட்டால் யார் திருத்துவார் என்று அவர் கேட்டபோது, நால்வரும் ஒரே நேரத்தில் மறந்துவிட முடியாது என்ற பொருளில் அவர்கள் விடையளித்தனர். துணைக்கல்வியைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ அறிக்கைகளை விட அச்சிறுவர்களின் விடை தெளிவானது.

இம்முறை உலகெங்கும் பரவியது சென்னை வழியாகத்தான். 1789இல் எழும்பூர் ஆண் அனாதைப் பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், ஒருநாள் குதிரையில் செல்லும்போது மலபார்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் காப்பகத்தில் கொண்டுவர முயன்றார். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் மலபாரியர் என்றே அழைத்தனர். ஆகவே அவர் கண்டது தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளியாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். காப்பகத்து உதவி ஆசிரியர் மணலெழுத்தைக் கற்பிக்க மனமில்லாமல் நின்றபோது, பெல் அவ்வேலையை எட்டு வயதுச் சிறுவனான ஜான் பிரிஸ்கென் என்பவனிடம் ஒப்படைத்தார். அடிமட்ட வகுப்பு எழுத்துக் கற்றுக்கொண்டது. பெல் 1797இல் இலண்டனில் வெளியிட்ட சிறுநூலின் வழியாகவும், ஜோசப் லங்காஸ்டர் 1798 முதல் அந்நகரில் நடத்திய பள்ளியின் வழியாகவும் இது சட்டாம்பிள்ளை முறை, சென்னை முறை என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெயர் பெற்றது. பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்பெல் 1823ஆம் ஆண்டு அறிக்கையில், முன்னேறிய மாணவர் பின்தங்கியோர்க்குக் கற்பிக்கும் நாட்டுப் பள்ளிகளின் சிக்கனத்தைப் பாராட்டி, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது சரியே என்று குறித்தார். ஆனால் கடல் கடந்தபோது அதன் உயிர் மாறிவிட்டது. ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மணியோசைக்கு ஏற்ப இயக்கும் மலிவான ஏற்பாடாக அது அங்கே வளர்ந்ததேயன்றி, விரல் பிடித்த கை அங்கே போகவில்லை.

பழைய பள்ளியைப் பொற்காலமாகக் காட்டுவது தவறு. பிள்ளையை விட்டத்திலிருந்து கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் போன்ற தண்டனைகள் அங்கே இருந்தன. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். ஆளுநர் 1826இல் கணித்தபடி அது 67 பேருக்கு ஒருவர் என்ற அளவாகும். மலபார் மாவட்டத்தில் 3,196 முஸ்லிம் சிறுவரோடு 1,122 முஸ்லிம் சிறுமியரும் பள்ளியில் இருந்தனர் என்பது அக்கணக்கின் வியப்பூட்டும் செய்திகளுள் ஒன்று. எனினும் பாரதப்புழைக் கரையின் வயல்களில் உழைத்த செறுமர் முதலிய சாதியாரின் பிள்ளைகள் ஆசானின் மணல்பரப்புக்கு அருகே வர முடியவில்லை. தீண்டாமை நிலவிய சமூகத்தில் பிள்ளையின் விரலைத் தொட்டுக் கற்பிக்கும் முறையே அவர்களுக்கு எதிரான தடையாகியது. திருவிதாங்கூரில் ராணி கௌரி பார்வதி பாய் 1817இல் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ஆணை பிறப்பித்திருந்தும், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து அய்யன்காளி பஞ்சமி என்னும் புலையச் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது அப்பள்ளி தீக்கிரையாக்கப்பட்டது. பின்தங்கியோர்க்கு உதவி என்ற பேச்சுக்கு முன்னால் பள்ளிக்குள் நுழையும் உரிமை நிற்கிறது. அதை மறந்து எழுதப்படும் கல்வி வரலாறு பாதி வரலாறே.

1854ஆம் ஆண்டின் வுட் அறிக்கைக்குப் பின் கல்வித் துறைகள் தோன்றி, பாடநூலும் வயதும் ஆண்டும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, வகுப்பு என்னும் அமைப்பு நிலைபெற்றது. இங்கிலாந்தில் 1862 முதல் நடைமுறைக்கு வந்த தேர்ச்சிக்கேற்ற மானியம் சென்னை மாகாணத்திற்கும் வந்து சேர்ந்தது. ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வந்து படிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒவ்வொரு பிள்ளையையும் தேர்வு செய்வார். தேறிய பிள்ளைகளின் கணக்குப்படி பள்ளிக்குப் பணம் கிடைக்கும். இதன் விளைவைக் கணிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. தேறும் பிள்ளை ஆசிரியருக்கு வருமானமாகவும், தேறாத பிள்ளை நட்டமாகவும் மாறிவிட்டது; தேறாது என்று தோன்றும் பிள்ளைக்குச் செலவிடும் நேரம் வீண் செலவாயிற்று. தடத்தின் மேல் மறுபடி விரல் ஓட்டுவதற்குப் பதிலாக ஓராண்டு முழுவதையும் மறுபடி படிக்கச் செய்யும் வழக்கம், அதாவது ஃபெயில் என்று இன்றுவரை ஊர்தோறும் வழங்கும் தீர்ப்பு, தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்தது. 1929இல் வெளியான ஹார்ட்டாக் குழு அறிக்கை இதற்கு விரயம், தேக்கம் என்ற இரு சொற்களை வழங்கியது. படிப்பை இடையில் விட்டுவிடுவது விரயம்; ஒரே வகுப்பில் தங்கிவிடுவது தேக்கம். பிரிட்டிஷ் இந்தியாவில் 1922–23இல் முதல் வகுப்பில் இருந்த ஒவ்வொரு 100 பிள்ளைகளிலும் 1925–26இல் நான்காம் வகுப்பை அடைந்தோர் 18 பேர் மட்டுமே என்பது அவ்வறிக்கையின் கணக்கு. மீதி 82 பேரும் அறிவில் குறைந்தவர்கள் என்று எண்ண எவருக்கும் மனம் வராது.

அவ்வறிக்கைக்குக் கால் நூற்றாண்டு முன்பே பாரிஸ் நகரிலும் இதே கேள்வி எழுந்தது. வழக்கமான வகுப்பில் தேற முடியாத பிள்ளைகளை இனங்காண வழிசெய்யுமாறு பிரெஞ்சு அரசு 1904இல் அமைத்த குழுவில் இடம்பெற்ற ஆல்பிரெட் பினே, தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் ஓர் அளவுகோலை வகுத்தார். பிறவி அறிவை அளந்து முத்திரை குத்துவது பினேயின் நோக்கமன்று. யாருக்கு உதவி வேண்டும் என்று அறிந்து, பயிற்சியால் அவர்களை உயர்த்துவதே அவர் விரும்பியது. பிற நாடுகளில் அவ்வளவுகோல் அறிவெண் என்ற பெயரில் முத்திரையாகவே மாறியது கல்வி வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்று.

ஏலமலையின் வரலாறு வேறு பாதையில் சென்றது. 1877 ஜூலை 11 அன்று பூஞ்ஞாறு மன்னரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றவர் ஜான் டேனியல் மன்றோ; சென்னை ஆளுநர் மன்றோவோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதைத் தொடர்ந்து தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தேயிலையும் ஏலமும் பரவ, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கங்காணிகள் வழியாக மலையேறினர். கங்காணி என்பவர் ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்து, வேலை மேற்பார்க்கும் தலைவர். வரிசையாகக் கட்டப்பட்ட அறைகளான லயங்களில் குடும்பங்கள் வாழ்ந்தன. கொழுந்து பறிக்கும் தாய் விடியலில் புறப்பட்டு மாலையில் திரும்புவதால், பிள்ளையின் பகல் முழுவதும் காப்பகத்து ஆயாவிடமோ மூத்த அக்காவிடமோ கழிந்தது. அக்கா பள்ளியை விட்டதற்குத் தம்பியே காரணமாக இருந்த வீடுகள் பல. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருக்கும் தோட்டத்தில் கல்வி வசதி செய்து தருமாறு உரிமையாளரைப் பணிக்க மாநில அரசுக்கு அதிகாரம் அளித்தது. பள்ளி வந்தது, தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகள் மலைகளில் பெருகின. ஒரே அறையில் நான்கு வகுப்புகள் நடக்க, ஆசிரியர் பெரும்பாலும் மழையில் வழுக்கும் பாதையில் தொலைவிலிருந்து வந்து சேர வேண்டியிருந்தது.

மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது, தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரித் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம் அவ்வட்டங்களைப் பொறுத்தவரை தோற்றது. அவை கேரளத்தில் நின்றன. கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்த சிற்றூர் வட்டத்தின் கொழிஞ்ஞாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி முதலிய தமிழ் ஊர்களும் கேரளத்தினவாயின. அதே 1956இல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்றது. கேரள அரசு தமிழ்ப் பாடநூல்களை அச்சிடுகிறது; தமிழ்வழிப் பள்ளிகள் இன்றும் உள்ளன. ஆயினும் அலுவலும் மேற்படிப்பும் வேலையும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருப்பதால், பெற்றோர் பலர் பிள்ளையை மலையாளவழி வகுப்பில் சேர்த்தனர். எல்லைப்புறத்தில் பின்தங்கிய பிள்ளை என்று பதியப்பட்டவருள் பெரும்பாலோரை இந்த முடிவிலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வகுப்பில் நடப்பதைச் சற்று அருகிலிருந்து காண்பது பயனுடையது. தமிழில் பகரம் ஒன்றே. மலையாளத்திலோ அந்த இடத்தில் நான்கு எழுத்துகள் உண்டு. வன்மையாக ஒலிப்பது, மூச்சோடு வன்மையாக ஒலிப்பது, குரலோடு மென்மையாக ஒலிப்பது, குரலும் மூச்சும் சேர ஒலிப்பது என்று அவை வேறுபடும். ககரம், சகரம், டகரம், தகரம் ஆகியவற்றுக்கும் அப்படியே. பயம், பாரம், பாக்கியம் ஆகிய மூன்று சொற்களும் இரு மொழிகளுக்கும் பொது. ஏலமலை லயத்துப் பிள்ளைக்கு மூன்றின் பொருளும் தெரியும். வீட்டில் நாள்தோறும் கேட்ட சொற்களே அவை. மலையாளத்தில் மூன்றுமே நான்காம் பகரத்தில் தொடங்குகின்றன. தமிழ் அரிச்சுவடி பழகிய பிள்ளை மூன்றையும் முதல் பகரத்தில் எழுதுகிறது. சொல்வது எழுதுதலில் மூன்று பிழைகள் என்று குறிப்பேட்டில் ஏறுகிறது. உண்மையில் அங்கே இருப்பது ஒரே ஒரு காரணம். அதுவும் பிழையன்று, தன் மொழியின் ஒழுங்கைப் பிள்ளை சரியாகப் பின்பற்றியதன் விளைவு. ஓர் எழுத்தின் வேறுபாட்டைக் கால் மணி நேரம் சொல்லிக்காட்டி, வாயருகே உள்ளங்கையை வைத்து மூச்சு படுகிறதா என்று பார்க்கச் செய்தால் தீரக்கூடிய தடை, சொல்லப்படாமலே விடப்பட்டால் மூன்றாம் வகுப்பில் நூற்றுக்கணக்கான பிழைகளாகப் பெருகுகிறது. வீட்டிலோ தாய்க்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும், அல்லது அதுவும் தெரியாது. பிள்ளை படிப்பில் மந்தம் என்ற சொல் அதற்குள் பள்ளியிலும் லயத்திலும் பரவிவிடுகிறது.

இந்திய அளவில் இத்தகைய பிள்ளையைப் பற்றிய சிந்தனை மெல்லவே மாறியது. 1964–66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி குழு, முதல் இரண்டு வகுப்புகளையும் பிரிவில்லாத ஒரே அலகாகக் கொண்டு, பிள்ளை தன் வேகத்தில் முன்னேற இடம் தருமாறு பரிந்துரைத்தது. ஆசான் பள்ளியின் விதியை ஓர் அரசு ஆவணம் ஏறக்குறைய முழுமையாக ஏற்றுக்கொண்ட இடம் அது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. ஆசிரியர்கள் டயட் என்று சுருக்கிச் சொல்லும் இந்நிறுவனம் பாலக்காட்டு மாவட்டத்துக்கு ஆனைக்கரையில் அமைந்தது. புது ஆசிரியரைப் பயிற்றுவதும், பணியிலிருக்கும் ஆசிரியர்க்கு வகுப்பெடுப்பதும், உள்ளூர்ப் பள்ளிகளின் சிக்கலை ஆராய்ந்து தீர்வு காண்பதும் அதன் பணிகள். 1991இல் வெளியான குறைந்தபட்சக் கற்றல் அடைவுகள் என்னும் வரையறை, ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளை செய்யக் கற்றிருக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டது. அடையாதவற்றை அடையச் செய்யும் தனிப்பாடத்துக்கு மலையாளத்தில் பரிகாரபோதனம் என்றும், தமிழில் குறைதீர் கற்பித்தல் என்றும் பெயர்கள் நிலைத்தன; அப்பாடம் தேவைப்படும் பிள்ளைகளுக்குத் தமிழகத்தில் மெல்லக் கற்போர் என்ற பெயரும் வந்தது. குறை, பரிகாரம் ஆகிய இரண்டும் பிள்ளைக்கு நோய் இருப்பதுபோல் பேசும் சொற்கள். மெல்லக் கற்போர் என்பது, எவ்வளவு நயமாகத் தோன்றினாலும், வேகத்தைப் பிள்ளையின் இயல்பாக்கிவிடும் சொல்.

மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் கேரளத்தில் முதலில் காசர்கோடு, வயநாடு, மலப்புரம் மாவட்டங்களிலும், அடுத்த கட்டத்தில் இடுக்கி, பாலக்காடு, திருவனந்தபுரம் மாவட்டங்களிலும் நடைபெற்றது. இக்காலத்தில் பழங்குடிக் குடிகளில் தோன்றிய பன்னிலைக் கற்றல் மையங்களே பின்னாளில் ஓராசிரியர் பள்ளிகள் என்று பரவலாக அறியப்பட்டவை. ஒரே ஆசிரியர், வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள், ஒரே கூரை. மூத்தது இளையதற்குச் சொல்லிக் கொடுக்கும். ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் மாறி மாறி உட்காருவார். அவர்களுள் பலர் காட்டுவழி நடந்து, சிலர் ஆறு கடந்து, சிறு மதிப்பூதியத்துக்கு ஆண்டுக்கணக்காக உழைத்தனர். 2022இல் கேரள அரசு இம்மையங்களை மூடியபோது அவ்வாசிரியர் பலருக்குப் பள்ளிகளில் துப்புரவுப் பணி மாற்றுவேலையாக வழங்கப்பட்டது. எழுத்தறிவில் நாட்டுக்கே முன்னோடியாக 1991 ஏப்ரல் 18 அன்று தன்னை அறிவித்துக்கொண்ட மாநிலத்தில் இது நடந்தது என்பதை வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

அண்டை மாநிலங்களில் இதே தேடல் வேறு வடிவங்களை எடுத்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி, தன்னைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சிறு அட்டைகளாகப் பிரித்து ஏணிப்படிபோல் அடுக்கிய முறையை, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்; 2007–08இல் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழகத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் அது விரிந்தது. பிள்ளைகள் ஆசிரியர் முழுமையாக உதவும் குழு, ஓரளவு உதவும் குழு, தோழர் உதவும் குழு, தானே கற்கும் குழு என்று பாயில் தனித்தனியே அமர்ந்தனர். எழும்பூரிலிருந்து இரு நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலேறிய சட்டாம்பிள்ளை, அதே நகரில் பிரம்பில்லாமல் திரும்பி வந்ததாகவே இதைக் கொள்ளலாம். மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் அமைப்பு, பள்ளி நேரத்திலேயே மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கியவரை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே அழைத்து அவ்வூர் இளம்பெண்களைக் கொண்டு அடிப்படையைக் கற்பித்தது. பால்சகி எனப்பட்ட இத்திட்டத்தை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் ஆராய்ந்து, மிகவும் பின்தங்கியிருந்தவரே மிகுதியாகப் பயனடைந்ததைக் காட்டினர். நியூசிலாந்தில் மேரி கிளே 1970களின் பிற்பகுதி முதல் உருவாக்கிய முறையில், பள்ளியில் ஓராண்டு முடித்தும் வாசிக்கத் திணறும் ஆறு வயதுப் பிள்ளைக்கு, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் நாள்தோறும் அரை மணி வீதம் 12 முதல் 20 வாரம் வரை தனியே உட்காருகிறார். ஆறு வயதில் ஏன் இவ்வளவு அவசரம் என்பதற்குக் கீத் ஸ்டானோவிச் 1986இல் விளக்கம் தந்தார். வாசிக்கத் தெரிந்த பிள்ளை மேலும் வாசித்துச் சொல்வளம் பெறுகிறது; தெரியாத பிள்ளை வாசிப்பைத் தவிர்த்து, ஆண்டுதோறும் இடைவெளியைப் பெருக்கிக்கொள்கிறது. முதலுக்கு வட்டி ஏறுவதுபோல் இது ஏறுகிறது. கங்காணியின் முன்பணக் கணக்கை அறிந்த மலைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன், தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தப் பிள்ளையையும் ஒரே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்று விதித்திருந்தது. தேக்கம் நின்றது. ஆனால் நிறுத்தாமல் அனுப்புவதோடு, ஆண்டு நடுவிலேயே உதவும் ஏற்பாடும் சேர்ந்தால்தான் அவ்விதிக்குப் பொருள் உண்டு. கேரளத்தில் 2017ஐ ஒட்டி வந்த சிரத்தா திட்டம் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் பின்தங்கியோரைக் கருதியது. மலையாளத் திளக்கம் என்னும் மற்றொரு திட்டம் எழுத்துத் தடுமாறும் பிள்ளைக்குக் கதையும் காட்சியும் வழியாகச் சில நாள்களில் மொழியைத் தர முயன்றது. பிழையை முதலில் சுட்டாமல், பிள்ளை எழுதியதை ஆசிரியர் எழுதியதோடு தானே ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள விடுவது மலையாளத் திளக்கத்தின் நல்ல பண்பு. மணலின் இயல்பும் அதுவே. ஆனால் மூன்றாம் வகுப்பு என்பது தாமதமான தொடக்கம். திட்டங்கள் ஆட்சிக்கும் நிதியாண்டுக்கும் ஏற்பப் பெயர் மாறுவதால், ஒரு பிள்ளையை ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை தொடர்ந்து பார்க்கும் கண் அமைவதில்லை. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்ட பின்னர், தமிழகம் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியையும், 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் இயக்கத்தையும் தொடங்கியது. பின்னது எட்டு வயதுக்குள் பிழையின்றி வாசிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்ற இலக்கை வைத்ததால், தொடக்கத்திலேயே உதவுவது என்ற கருத்துக்கு நெருங்கி வந்தது.

மூணாற்றுக்கு அப்பால், முதுவான் மக்கள் வாழும் இடமலைக்குடி 2010 நவம்பரில் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. முதுவான் பேச்சு தமிழுக்கு மிக நெருங்கியது. அங்குள்ள பள்ளியில் மலையாளப் பாடநூலோடு தடுமாறிய பிள்ளைகளுக்காக, அவர்களின் பேச்சுமொழியையே படியாகக் கொண்டு மலையாளத்துக்கு ஏற்றிச் செல்லும் பாடத்தொகுப்பை அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா கேரளம் ஆக்கியது. பிள்ளை பின்தங்கவில்லை, பள்ளிதான் அதன் மொழிக்கு வந்து சேரவில்லை என்று அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது. ஏலமலை ஆனைக்கரையைச் சுற்றிய தோட்டங்களில் இப்போதும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்புகளில் தமிழ்ப் பெண்கள் நாள்தோறும் வேலைக்கு வந்து திரும்புகின்றனர். ஆனால் குடியிருப்புகளில் ஜார்க்கண்டு, அஸ்ஸாம், மத்தியப் பிரதேசக் குடும்பங்கள் பெருகிவருகின்றன. எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் தொடங்கிய ரோஷ்ணி திட்டம், இந்தியும் வங்காளமும் ஒடியாவும் அறிந்த துணையாசிரியர்களைக் கொண்டு, காலை மணி அடிக்குமுன்பே இத்தகைய பிள்ளைகளோடு அவர்கள் மொழியில் பேசி மலையாளத்துக்கு அழைத்து வந்தது. லயங்களில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளின் நான்கு தலைமுறைக்குக் கிடைக்காமல் போன அந்தக் காலை நேரம், இனி ஏலமலையின் ஒன்றாம் வகுப்பில் சாந்தாலியும் சாத்ரியும் பேசி வந்து அமரும் பிள்ளைக்கும் வேண்டியிருக்கிறது.